கடித்து வைத்த ரொட்டி

தாஷ்கண்ட்,
1996 செப்டம்பர் 14

அன்புள்ள மஸ்துரா அக்காவுக்கு,

ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் தொண்டைக்கட்டு விட்டதா? பக்கத்து வீட்டு ஸலோமத் சித்திக்கும் என் ஸலாமைச் சொல்.

விடுதியில் நான்கு பேருக்கு ஓர் அறை. ஜன்னல் சாத்தாது. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அம்மா அழுவாள், அதனால் நன்றாக இருக்கிறது என்று படித்துக் காட்டு.

தேர்வு மே மாதம்தான். தேறுகிறவர்களை இரண்டு வருடம் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள். இலக்கணத்துக்கு நான் பயப்படவில்லை, பேச்சும் வருகிறது. உயிரை எடுப்பது ஒரே ஒரு பகுதி. பார்க்க ஒன்றுபோல் இருக்கிற பண்புச்சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். நாம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற இடத்தில் இங்கிலீஷ்காரன் இரண்டு வைத்திருக்கிறான். நேற்று வகுப்பில் அம்மாவை 'டால்' என்று சொல்வதற்குப் பதிலாக 'ஹை' என்று சொல்லிவிட்டேன். அந்த வெள்ளைக்கார வாத்தியார், "ஏம்ப்பா, உங்கம்மா கூரை மேல நிக்கிறாங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. காது சிவந்துபோய் உட்கார்ந்தேன்.

அகராதியைத் திறந்தால் இதற்கு அதைப் போட்டிருக்கிறான், அதற்கு இதைப் போட்டிருக்கிறான். சின்ன வயதில் நீ எனக்கு நம் முற்றத்தையும் ஆட்டுக்குட்டியையும் வைத்துச் சொல்லிக்கொடுப்பாயே, அதேபோல் எழுதி அனுப்பு அக்கா. மர்கிலானிலேயே உன்னைப் போல் இங்கிலீஷ் வாத்தியார் கிடையாது. முதலில் 'அலோன்', 'லோன்லி' இரண்டையும் பிரித்துக் காட்டு.

கிளம்பும்போது நான் கடித்துவிட்டு வந்த ரொட்டியை அம்மா சுவரில் மாட்டிவிட்டாளா? எலி எட்டாத உயரத்தில் மாட்டச் சொல். ஊர் வழக்கப்படி திரும்பி வந்து மிச்சத்தை நான்தானே தின்ன வேண்டும்.

உன் தம்பி,
குத்ரத்


மர்கிலான்,
1996 அக்டோபர் 20

குத்ரத்ஜான்,

உனக்கு எங்கள் ஸலாம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். என் தொண்டை சரியாகிவிட்டது, கத்துவதற்கு வகுப்பு இல்லாததால். பள்ளிக்கூடத்தைச் சாத்திவிட்டு எல்லோரையும் பருத்தி பொறுக்க ஓட்டிக்கொண்டு போனார்கள். நேற்றுதான் திரும்பினேன். விரல் நுனியெல்லாம் கீறல், பேனா பிடித்தாலே எரிகிறது.

ரொட்டி பத்திரமாக இருக்கிறது. அம்மா அதற்கு வெள்ளைத் துணியில் பை தைத்து, உள்ளறைச் சுவரில் பெட்டிகளுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். தினமும் அண்ணாந்து பார்க்கிறாள். "எம் புள்ள திரும்பி வந்து அதைத் தின்னுட்டான்னா போதும், நான் நிம்மதியா கண்ண மூடிடுவேன்" என்கிறாள். "அப்ப அவன் வரவே வேணாம்மா, நீ நூறு வருஷம் இரு" என்றேன். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கேட்டதற்குப் பதில். தந்தூர் அடுப்பின் முன்னால் அம்மா ரொட்டி சுடும்போது பக்கத்தில் ஆள் இல்லை. அது அலோன். சுட்ட ரொட்டியைப் பங்கு பிரித்து உன் பங்கையும் எடுத்து வைத்துவிட்டு, ஞாபகம் வந்து அதைத் திருப்பிக் கூடையில் போடுகிறாள் பார், அப்போது லோன்லி. முதலாவதைப் பக்கத்து வீட்டுக்காரி சுவர்மேல் எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும். கூட்டத்தின் நடுவிலும் லோன்லி ஆகலாம். அலோன் ஆக முடியாது.

எனக்கும் ஒரு சேதி உண்டு. நம் ஊரில் புதிதாக லைசியம் என்று உயர்தரப் பள்ளி ஒன்று வருகிறது. அடுத்த இலையுதிர்காலத்தில் திறப்பார்கள். இங்கிலீஷுக்கு ஒரே ஒரு ஆசிரியர். விண்ணப்பிப்பவர் தானே யோசித்துச் செய்த பாடமுறை ஒன்றை எழுதிக் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். அங்கே பருத்தி கிடையாது, ஒழுகுகிற கூரை கிடையாது, உடற்பயிற்சி வகுப்பையும் சேர்த்து என் தலையில் கட்ட மாட்டார்கள். எனக்கு அது வேண்டும் குத்ரத். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு தூங்கு.

அக்கா மஸ்துரா


தாஷ்கண்ட்,
1996 நவம்பர் 17

அன்புள்ள அக்கா,

ஸலாம். இங்கே எல்லாம் நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும்.

அக்கா, நீ பெரிய ஆள்! அலோன், லோன்லியை அறையில் வாசித்துக் காட்டினேன். புகாராவிலிருந்து வந்த பையன் அம்மாவை நினைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

இன்னும் வேண்டும். அடுத்து 'ஜெலஸ்', 'என்வியஸ்' இரண்டும் குழப்புகிறது. அனுப்பும்போது இரண்டு சின்ன விஷயம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுது. வீட்டுச் சேதியை வேறு தாளில் தனியாக எழுது. இரண்டும் கலந்திருந்தால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

லைசியம் வேலை உனக்குத்தான். யார் வந்து போட்டி போடுவார்கள்?

குத்ரத்


மர்கிலான்,
1996 டிசம்பர் 22

குத்ரத்ஜான்,

உனக்கு ஸலாம். குளிருக்கு அம்மா எழுந்து நடக்கவே சிரமப்படுகிறாள். ஆனால் வாய் நன்றாக நடக்கிறது.

படிக்கிறவர்களா? படிக்கிறவன் நீ ஒருவன்தானே என்று நினைத்தேன். சரி, துரை சொன்னபடியே தனித்தாளில் எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம் மட்டும். தாள் கிடைக்கிற லட்சணத்தில் இந்த ஊதாரித்தனம் வேறு. சாயங்காலமானால் மின்சாரம் போய்விடுகிறது. நான் எழுத, அம்மா விளக்குப் பிடிக்கிறாள். "என்னடி அப்படி எழுதற, அவன் என்ன மந்திரியா?" என்று கேட்டுக்கொண்டே பிடிக்கிறாள்.

'ஜெலஸ்', 'என்வியஸ்' குழப்புகிறது என்றாய். ஸலோமத் சித்தி நம் அத்திமரத்தைப் பார்க்கிற பார்வை என்வியஸ். இல்லாதவளின் ஏக்கம் அது. சித்தி சுவரோரம் வந்தாலே அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் மரத்தடியில் நிற்கிறாளே, அது ஜெலஸ். இருப்பவளின் பயம். மற்றவை தாளில் உள்ளன.

'சென்சிபிள்', 'சென்சிடிவ்' இரண்டை மட்டும் உனக்காக எழுதினேன். போன வாரம் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பட்டாலை மேஸ்திரி, மனைவி இறந்துபோனவர், மூன்று பிள்ளைகள். வந்த பெண்கள் என் கையைப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், வயதைக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பொண்ணு விவரமானவ, பிள்ளைங்கள பாத்துக்குவா" என்றாள் பெரியவள். அவர்களுக்கு நான் சென்சிபிள். நான் தேநீர்க் கிண்ணத்தை விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன். நிரம்பிய கிண்ணத்துக்கு 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம் என்பது தெரியாதவர்கள் இந்த ஊரில் யார்? குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் மாவுக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அங்கே சென்சிடிவ். இதை யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

கல்லூரித் தோழி இனோபத்தை நினைவிருக்கிறதா? பாலைவனத்தில் ஒரு சுரங்க ஊரில் பாடம் நடத்துகிறாள். ஆசிரியர் இல்லை, அறை தருகிறோம், வந்துவிடு என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது? வீடும் அம்மாவும் கடைக்குட்டி மகனுக்கு என்பது ஊர் வழக்கம். கடைக்குட்டி படித்துவிட்டு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று எழுதிவிட்டேன்.

அக்கா


தாஷ்கண்ட்,
1997 பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

ஸலாம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. சாயங்காலங்களில் ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பு எடுக்கிறேன், மூச்சுவிட நேரமில்லை. அங்கே தில்தோரா என்று ஒருத்தி வேலை செய்கிறாள். நல்ல குடும்பம். அவள் அப்பாவுக்கு அச்சுக்கூடம் இருக்கிறது. என்னைத் தன் பிள்ளை மாதிரி நடத்துகிறார்.

அம்மாவுக்குச் சால்வையும் உனக்குத் தேயிலையும் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மீதிச் சொற்களையும் சீக்கிரம் எழுதி அனுப்பு. வீட்டு உதாரணங்கள்தான் நன்றாக இருக்கின்றன, அவற்றைக் குறைக்காதே.

குத்ரத்


மர்கிலான்,
1997 ஏப்ரல் 2

குத்ரத்ஜான்,

நவ்ரோஸ் புத்தாண்டு வாழ்த்துகள். சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா தெருவெல்லாம் போய் வந்தாள். குளிர் போன பிறகும் கழற்ற மாட்டேன் என்கிறாள். முளைகட்டிய கோதுமையில் சுமலக் காய்ச்சினோம். தெருப் பெண்கள் எல்லோரும் முறைபோட்டுக் கிண்டினார்கள். ஸலோமத் சித்தி கிண்டினாளோ இல்லையோ, சட்டியை நன்றாக வழித்தாள்.

தில்தோராவைப் பற்றி எழுதியதை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "கறுப்பா சிவப்பா, எழுதலையா?" என்கிறாள். எழுது.

சொற்கள் இத்துடன் இருக்கின்றன. 'தேங்க்ஃபுல்', 'கிரேட்ஃபுல்' எனக்கே பிடித்தது. பருத்திக் காட்டில் மழை வந்து வேலையை நிறுத்தினார்கள். அப்பாடா என்று எல்லோரும் தேங்க்ஃபுல். அதற்கு எதிரில் ஆள் வேண்டியதில்லை. மழையில் நடுங்கிய எனக்கு ஒரு மாணவி தன் கம்பளிக் கையுறையைக் கழற்றித் தந்தாள். நான் அவளுக்கு கிரேட்ஃபுல். முகம் நினைவிருக்கும்வரை அது இருக்கும், முகம் மறந்தால் போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம். கமிட்டிக்கு நான் கொடுக்கப்போகிற பாடமுறை வேறொன்றுமில்லை, இந்தச் சொற்கள்தான். உனக்கு எழுத எழுதத்தான் எனக்கே புரிந்தது, இப்படி யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று. ஆனால் என்னிடம் படி இல்லை. தாள் இல்லாததால் ஒரே தடவைதான் எழுதினேன், அது எல்லாம் உன்னிடம் இருக்கிறது. ஜூனுக்குள் கொடுக்க வேண்டும். தாள்களைத் திருப்பி அனுப்பு. பார்த்து எழுதிக்கொண்டு உன் தேர்வுக்கு முன்னால் மறுபடி அனுப்பிவிடுகிறேன்.

மறக்காதே.

அக்கா


மர்கிலான்,
1997 மே 19

குத்ரத்ஜான்,

ஸலாம். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தேர்வு எப்படிப் போயிற்று? அம்மா பையில் கை விட்டு ரொட்டியைத் தடவிப் பார்க்கிறாள்.

தாள்கள் வரவில்லை. ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் அனுப்பு.

மஸ்துரா


தாஷ்கண்ட்,
1997 ஜூன் 24

அன்புள்ள அக்கா,

ஸலாம். எல்லோரும் சுகம்தானே?

விடுதியை விட்டு வேறிடம் மாறினேன். மாறும்போது தாள்கள் எங்கோ தொலைந்துவிட்டன. தேடிக் களைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கென்ன, நினைவிலிருந்தே எழுதிவிடுவாய்.

தேர்வைப் பற்றி நேரில் சொல்கிறேன். பெரிய சேதி இதுதான்: தில்தோரா வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். டிசம்பரில் திருமணம். அம்மாவிடம் சொல், சிவப்புதான்.

குத்ரத்


மர்கிலான்,
1997 செப்டம்பர் 11

குத்ரத்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. அட்லஸ் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், அம்மா தலைக்குத் துணி கட்டிவிட்டாள். தலைவர் என் பாடமுறையைக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு மஸ்துரா அம்மா" என்றார். நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டேன். "ஆனா பாருங்க, இதை நாங்க ஏற்கெனவே படிச்சிருக்கோம்" என்றார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். பச்சை அட்டை. மேலே உன் பெயர்.

புரட்டிப் பார்த்தேன். அம்மா தந்தூருக்கு முன்னால் அலோனாக நிற்கிறாள். அத்திமரம் இருக்கிறது, சித்தி இருக்கிறாள். மழை பெய்கிறது. யாரோ எனக்குக் கொடுத்த கையுறை உன் கையில் இருக்கிறது.

"அது நான் எழுதினதுங்க. என் தம்பிக்குக் கடுதாசில எழுதி அனுப்பினேன்" என்றேன். கமிட்டியில் இருந்த பெண் பரிதாபமாகப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள தம்பி பொருளை அக்கா எடுத்துக்கலாம்மா. கமிட்டி முன்னால அப்படிச் செய்யலாமா?" என்றாள். நானே திருடி! என் அம்மாவை, என் மரத்தை, நான் உன்னிடமிருந்து திருடிவிட்டேனாம். நிரூபிக்க முடிந்தால் அக்டோபர் கூட்டத்தில் நிரூபிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. இந்த வாரம் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், உங்க தம்பி புக்கு போட்டிருக்காரு!" என்று குதித்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கி வைப்பதற்குள் பின்பெஞ்சில் எவனோ சென்சிபிள், சென்சிடிவைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான். மேஸ்திரி, பல்லைப் பார்த்தது, வயதைக் கேட்டது, மாவுக் கூடை, ஒன்றுவிடாமல். 'மஸ்துரா' என்ற பெயரை எடுத்துவிட்டு 'என் அக்கா' என்று போட்டிருக்கிறாய். அடடா, என்ன மரியாதை! இந்த ஊரில் உனக்கு எத்தனை அக்கா? வகுப்பு சிரித்தது. சிரிக்காத இரண்டு மூன்று பேரைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மேஸ்திரியின் மூத்த மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.

முன்னுரையில் தில்தோராவின் அப்பாவுக்கு நீ கிரேட்ஃபுல் என்று எழுதியிருக்கிறாய். சரியான சொல். நான் சொல்லிக்கொடுத்தது.

நீ என்னைக் கேட்டுக் கடிதம் எழுதினாயே, அவை எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. 'தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுது' என்பதும் இருக்கிறது. கமிட்டிக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். அதற்கு முன்னால் நீயே உண்மையை எழுதி அனுப்பினால் உன் கையாலேயே இது முடிந்துவிடும். அனுப்புகிறாயா?

மஸ்துரா


தாஷ்கண்ட்,
1997 செப்டம்பர் 28

அக்கா,

ஸலாம். உன் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கொஞ்சம் நிதானமாக யோசி. சொற்கள் நம்முடையவை இல்லை, இங்கிலீஷ்காரனுடையவை. அம்மா நம் இரண்டு பேருக்கும் அம்மா. நீ சமையலறையில் உட்கார்ந்து எழுதினாய், சரி. அதை வரிசைப்படுத்தியது யார், தட்டச்சு செய்தது யார், அச்சுக்கூடத்துக்கு நடையாய் நடந்தது யார்? மர்கிலானில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பெயரைப் போட்டால் தாஷ்கண்டில் யார் கையில் எடுப்பார்கள்? மேஸ்திரி விஷயத்தை எடுத்திருக்க வேண்டும். அச்சாகும் அவசரத்தில் கவனிக்கவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். ஆம், தேர்வு எழுதவில்லை. ஜனவரியிலேயே பெயரை எடுத்துவிட்டேன். தேறியிருக்க மாட்டேன். இங்கே எல்லோரும் உன்னைப் போல் கெட்டிக்காரர்கள், நான் ஒருவன்தான் மக்கு.

தில்தோராவின் அப்பா இதற்குள் பணமும் பெயரும் போட்டிருக்கிறார். கடிதங்களை நீ வெளியே காட்டினால் திருமணம் நின்றுவிடும். உனக்கும் கெடுதல் இல்லாமல் ஒரு வழி யோசித்தேன். 'என் நூலிலிருந்து எடுத்தாள என் அக்காவுக்கு அனுமதி அளித்திருக்கிறேன்' என்று கமிட்டிக்கு நான் எழுதித் தருகிறேன். வேலை உனக்குக் கிடைத்தாலும் கிடைக்கும்.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவளுக்கு என் நிலைமை புரியும்.

இன்னொன்று. இரண்டாம் பதிப்புக்கு இன்னும் கொஞ்சம் சொற்கள் வேண்டும். இந்தத் தடவை முன்னுரையில் உன் பெயரைக் கட்டாயம் போடுகிறேன்.

குத்ரத்


மர்கிலான்,
1997 நவம்பர் 13

குத்ரத்,

அம்மாவுக்கு நீ எழுதியதை ஸலோமத் சித்திதான் படித்துக் காட்டினாள். என்னைப் படிக்கச் சொல்ல அம்மாவுக்குத் தைரியமில்லை. சித்தி படித்து முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல் தன் வீட்டுக்குப் போனாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பெட்டியைத் திறந்தேன். அம்மா வந்து பெட்டி மூடிமேல் கையை வைத்தாள்.

"வேணாம்டி."

"அம்மா, அது என்னோடது."

"உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா? நீ எழுதினப்ப விளக்குப் பிடிச்சது யாரு? தெரியும்டி. தெரிஞ்சுதான் கேக்கறேன். இந்த வேலை போனா உனக்குப் பழைய வேலை இருக்கு. அவனுக்குக் கல்யாணம் நின்னா பேரும் போச்சு, புள்ளையும் போச்சு. அப்புறம் அவன் இந்த வாசல்படி மிதிப்பானா?"

"இப்ப மட்டும் மிதிக்கிறானா?"

அம்மா அந்த முழங்காலோடு தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடிக்கக் குனிந்தாள். தெரியாமல் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரிந்து கேட்கிறவளிடம் என்ன சொல்வது? பெட்டியை மூடினேன்.

மறுநாள் கமிட்டி முன்னால் நின்று, "ஆமாங்க, தம்பி புத்தகத்துலேருந்துதான் எடுத்தேன்" என்றேன். உன் அனுமதிக் கடிதம் அதற்கு முன்பே அங்கே வந்திருந்தது. தலைவர் அதைப் படித்துவிட்டு, உனக்குப் பெரிய மனசு என்றார். அந்தப் பெண், "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். தலைவர் தன் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார், கிண்ணம் நிரம்ப. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளறையில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பையை எடுத்தேன். ரொட்டி கல்லாக இருந்தது. ஓரத்தில் உன் பல் பதிந்த பிறை அப்படியே இருந்தது. தேநீரில் ஊறவைத்துத் தின்றேன். பசி என்று நினைக்காதே. கடைசித் துண்டுக்கு அம்மா ஓடிவந்துவிட்டாள்.

"அடிப்பாவி! போனவன் ரொட்டியைத் தின்னுட்டியே! அவன் எப்படித் திரும்பி வருவான்?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என்னோடதைத் தின்னானே, அப்ப உனக்கு வலிக்கலையா?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அம்மா நாலு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை மாவு பிசைந்தாள், தந்தூரைப் பற்றவைத்தாள், ஒரே ஒரு ரொட்டி சுட்டாள். ஆறவைத்து, ஊதி, அதை என் வாய்க்கு நேரே நீட்டினாள். சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு வாய் கடிச்சுக் குடுடி" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பல் வரிசை. அவன் பேருல மாட்டி வைக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, குத்ரத். கண்ணில் தண்ணீரோடு, பயத்தோடு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாள்.

கடித்தேன்.

அதே பை, அதே ஆணி. வருகிறவர்களிடம் எல்லாம், "எம் புள்ள கடிச்சுட்டுப் போனது" என்று காட்டுகிறாள். காட்டட்டும். ஆனால் கடித்தது நான். கடித்தவர்தான் கிளம்ப வேண்டும், நம் ஊரில் அதுதானே வழக்கம். இனோபத்துக்கு எழுதிவிட்டேன், அந்த வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "போ, எம் புள்ள வந்துடுவான்" என்றாள்.

ஆகவே நீ வா. கடைக்குட்டி நீதான். வீடு உன்னுடையது, அத்திமரம் உன்னுடையது, அம்மாவும் அவள் முழங்காலும் உன்னுடையவை. திருமணத்தை இங்கே வைத்துக்கொண்டாலும் சரி, முடித்துக்கொண்டு வந்தாலும் சரி. நீ வரும்வரை ஸலோமத் சித்தி பார்த்துக்கொள்வாள். சாவி அவளிடம் இருக்கிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது, அம்மாவுக்கு இரவில் காலில் எண்ணெய் தேய்க்க வேண்டும். அவள் வேண்டாம் என்பாள், கேட்காதே.

உன் கடிதங்களை ஒன்றுவிடாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள். நான் யாரிடமும் காட்டவில்லை.

சுவரில் இருக்கும் ரொட்டியை மட்டும் தொடாதே. அது என்னுடையது.

மஸ்துரா